‘சமாதானம் வேண்டும்’ என்பதும் ‘இந்தப் போர் வேண்டாம்’ என்பதும் ஒன்றா?

கேள்வி: 6 ஆகஸ்ட், காலை 7.15

ஹிரோஷிமா நாள் வந்தால் மதுரையில் நாலு பேர் மெழுகுவர்த்தி ஏந்துகிறார்கள். ஞாயிறு ஆராதனையில் உலக சமாதானத்துக்கு ஒரு நிமிடம் ஒதுக்குகிறார்கள். போர் தொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் டெல்லியிலோ வாஷிங்டனிலோ இருக்கிறார். அவருக்கு இந்த வெளிச்சம் எட்டப்போவதில்லை. சமயம் சார்ந்த போர் எதிர்ப்பு என்பது செய்பவர்களின் மனநிறைவுக்கான சடங்கே என்பது என் கருத்து. மறுப்பவர்கள் சான்றோடு மறுக்கவும்.

6 ஆகஸ்ட், இரவு 9.40

அந்த நாலு பேரில் நானும் ஒருவன் என்பதால் பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு. இன்று நாலு பேர் அல்ல, பதினொரு பேர். ஆடிக் காற்றுக்குத் தாக்குப்பிடிக்கக் காகிதக் கோப்பையின் அடியில் ஓட்டை போட்டு மெழுகுவர்த்தியைச் செருகியிருந்தோம். அப்படியும் ஏழு அணைந்துவிட்டன, என் கட்டைவிரலில் மெழுகு சொட்டிக் கொப்புளம் கண்டதுதான் மிச்சம்.

உங்கள் கருத்தில் பாதியை ஏற்கிறேன். தபால் துறையில் 34 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். முகவரி இல்லாத கடிதம் எந்த மூலைக்குப் போய்ச் சேரும் என்பது எனக்குத் தெரியும். ‘உலகில் சமாதானம் நிலவட்டும்’ என்பது அப்படிப்பட்ட கடிதம். கடவுளுக்கு முகவரி தேவையில்லை என்று எங்கள் சபையார் சொல்வார்கள், சரிதான். ஆனால் படையை அனுப்பப் போகிறவருக்கு அது தேவை. ஆகவே என் குறை மெழுகுவர்த்தியின் மேல் இல்லை, அதை யாருக்கு எதிரே ஏந்துகிறோம் என்பதில்தான் இருக்கிறது.

7 ஆகஸ்ட், காலை 6.05

நேற்று அவசரத்தில் நிறுத்திவிட்டேன். 2003இல் நடந்ததைச் சொன்னால்தான் நான் சொல்வது விளங்கும்.

ஈராக் மீது அமெரிக்கா படையெடுக்கப் போகிறது என்பது உறுதியாகிக்கொண்டிருந்த பிப்ரவரி மாதம் அது. ஜனவரி 13ஆம் தேதியே போப் இரண்டாம் யோவான் பவுல் போருக்கு எதிராக வெளிப்படையாகப் பேசியிருந்தார். பிப்ரவரி 15 அன்று லண்டன், ரோம் உட்பட உலகின் பல நகரங்களில் மக்கள் இலட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். அதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு எங்கள் சபையில் சிலரும், கோரிப்பாளையத்தில் தையல் கடை வைத்திருந்த என் நண்பர் பாயும் சேர்ந்து, சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு அஞ்சலட்டைகள் அனுப்புவது என்று முடிவு செய்தோம். 212 கார்டுகள். ஜும்மா தொழுகை முடிந்து வந்தவர்களிடம் பாய் எழுதி வாங்கினார், ஆராதனை முடிந்து வந்தவர்களிடம் நான் வாங்கினேன்.

வாசகத்தை முதலில் நான்தான் எழுதிக் கொடுத்தேன்: ‘ஈராக் மீது இந்தப் போரைத் தொடுக்க வேண்டாம்.’ அப்போதிருந்த எங்கள் ஆயர் அதைப் படித்துவிட்டு, சபையில் பலதரப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்றும், வெளிநாட்டு உறவு கெட்டுவிடக் கூடாது என்றும் சொல்லி, ‘உலகெங்கும் சமாதானம் நிலவ வேண்டுகிறோம்’ என்று திருத்திக் கொடுத்தார். நான் மறுபேச்சுப் பேசவில்லை. பாய் மட்டும் தம் பக்கத்துக் கார்டுகளில் பழைய வாசகத்தையே வைத்துக்கொண்டார். “சமாதானம் வேணும்னு ஜார்ஜ் புஷ்ஷும்தான் சொல்றாரு. அவரே இந்தக் கார்டுல கையெழுத்துப் போடுவாரு” என்றார்.

7 ஆகஸ்ட், இரவு 10.20

“முடிவில் தோல்விதானே?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஆம், தோல்விதான். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து தொடங்கும் சாம்பற்புதன் அவ்வாண்டு மார்ச் 5ஆம் தேதி வந்தது. போப் அந்த நாளைச் சமாதானத்துக்கான நோன்பு நாளாக அறிவித்திருந்தார். அவருடைய தூதராகக் கர்தினால் பியோ லாகி அன்றே வெள்ளை மாளிகையில் புஷ்ஷைச் சந்தித்துப் போர் வேண்டாம் என்று நேரில் சொன்னார். மார்ச் 20ஆம் தேதி குண்டுகள் விழத் தொடங்கின. லெந்து காலம் பாதிகூட முடிந்திருக்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சமயத்தார் எல்லோரும் ஒரே பக்கம் நின்றார்கள் என்பது உண்மையன்று. புஷ் மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தவர், அவருடைய சொந்தச் சபையின் ஆயர்கள் பலர் போரை எதிர்த்தார்கள். ஆனால் 2002 அக்டோபரிலேயே தெற்குப் பாப்டிஸ்ட் சபையின் ரிச்சர்ட் லேண்ட் முதலிய ஐந்து நற்செய்தித் தலைவர்கள், இது நியாயமான போர்தான் என்று புஷ்ஷுக்குக் கடிதம் எழுதினார்கள். கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் 13ஆம் நூற்றாண்டில் நியாயமான போருக்கு மூன்று நிபந்தனைகள் வைத்தார்: தொடுப்பவருக்கு அதிகாரம் இருக்க வேண்டும், காரணம் நியாயமானதாக இருக்க வேண்டும், நோக்கம் நேரியதாக இருக்க வேண்டும். அந்தத் தராசைக் கையில் வைத்துக்கொண்டு இரு தரப்பாரும் வேறு வேறு எடை சொன்னார்கள்.

8 ஆகஸ்ட்

திருத்தம். பழைய நாட்குறிப்பு பரணில் கிடைத்தது. வாங்கியவைதான் 212 கார்டுகள். அனுப்பியவை 186. மீதி 26 கார்டுகளில் சிலர் பின்கோடு எழுத வேண்டிய கட்டங்களில் தங்கள் கைப்பேசி எண்ணை எழுதி வைத்திருந்தார்கள். தபால்காரன் நடத்திய இயக்கத்துக்கு வந்த சோதனை அது.

9 ஆகஸ்ட், பிற்பகல் 3.30

இன்று நாகசாகி நாள். ஜப்பானின் மிகப் பழைய கத்தோலிக்கச் சமூகங்களில் ஒன்று அந்த ஊரில்தான் இருந்தது. குண்டு வெடித்தது உராகாமி பேராலயத்துக்குப் பக்கத்தில். குண்டு வீசிய விமானப்படைப் பிரிவுக்கு ஆன்மிகப் பணி செய்த பாதிரியார் ஜார்ஜ் ஜபெல்கா என்ற கத்தோலிக்கக் குரு. அப்போது வாய் திறக்காமல் இருந்ததற்காகப் பிற்காலத்தில் அவர் வெளிப்படையாக வருந்தினார், போரை அடியோடு மறுப்பவராகவும் மாறினார்.

இதே ஆகஸ்ட் 9ஆம் தேதிதான், 1943இல், ஆஸ்திரியாவின் சங்க்ட் ராடெகுண்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஃபிரான்ஸ் யேகர்ஷ்டெட்டர் என்ற விவசாயி தலை வெட்டிக் கொல்லப்பட்டார். ஹிட்லரின் படையில் ஆயுதம் ஏந்த மறுத்ததுதான் குற்றம். அவருக்கு மனைவியும் சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். குடும்பத்தை நினைத்துப் பார் என்று அவருடைய ஆயரே அவருக்குப் புத்தி சொல்லி அனுப்பினார். அதே திருச்சபை 2007இல் அவருக்குப் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முக்திப்பேறு பெற்றவர் பட்டம் கொடுத்தது.

இதை எழுதும்போது எங்கள் ஆயர்மேல் 2003இல் எனக்கு வந்த கோபம் சற்றுத் தணிகிறது. அவர் ஒரு சொல்லைத் திருத்தியதோடு நின்றார். அதற்குத் தலையாட்டியவன் நான், அதுவும் தலை போகிற காரியம் எதுவும் இல்லாத இடத்தில்.

10 ஆகஸ்ட்

வடக்கு மாசி வீதி நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “கிறிஸ்தவக் கதையாகவே போகிறதே ஐயா, எங்கள் மீனாட்சியே போருக்குப் போய்விட்டுப் பாதியில் நிறுத்தியவள்தானே?” நல்ல கேள்வி. சித்திரைத் திருவிழாவில் திக்குவிஜயம் என்பது எட்டுத் திசைக் காவலரையும் வென்று வரும் படையெடுப்புத்தான். கயிலாயத்தில் சிவனைக் கண்டதும் போர் நின்றுவிடுகிறது, மறுநாள் திருக்கல்யாணம். ஒரு படையெடுப்பு மொய்ப்பணத்தில் முடிந்த ஊர் என்று மதுரையைத் தவிர வேறு எதையும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் இதைப் போர் எதிர்ப்புக்குச் சான்றாகக் கொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை. எட்டுத் திசைகளையும் வென்ற பிறகுதானே நிறுத்தினாள்!

அதைவிட உறுதியான சான்று புறநானூற்றில் இருக்கிறது. ஆவூரை முற்றுகையிட்ட நலங்கிள்ளியிடமும் உள்ளே அடைபட்டிருந்த நெடுங்கிள்ளியிடமும் போன புலவர் கோவூர் கிழார், எதிரே நிற்பவன் சூடியிருப்பது சேரனின் பனம்பூவும் அன்று, பாண்டியனின் வேம்பும் அன்று, இருவர் தலையிலும் இருப்பது சோழரின் ஆத்திதான் என்று காட்டிவிட்டு, ‘ஒருவீர் தோற்பினும் தோற்ப நும் குடியே’ என்கிறார். அவர் போனது போர் நடக்கும் இடத்துக்கு, பேசியது முடிவெடுக்கும் இருவரிடம். முகவரி சரியாக இருந்தது.

11 ஆகஸ்ட்

ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் காதைத் திருகியிருக்கிறார். ஆவூர் முற்றுகை 44ஆம் பாட்டு. நான் மேற்கோள் காட்டியது 45ஆம் பாட்டு, அது உறையூர் முற்றுகையின்போது பாடியது. திருத்தத்துக்கு நன்றி, அம்மா. கோவூர் கிழார் சமயம் சார்ந்து பேசவில்லையே, இந்த இழையில் அவருக்கு என்ன வேலை என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேலை இல்லைதான். இருந்தாலும் அவரை வெளியே அனுப்ப எனக்கு மனமில்லை.

13 ஆகஸ்ட், இரவு 11.50

இரண்டு நாட்களாக எழுதலாமா வேண்டாமா என்று தள்ளிப்போட்டது இது.

“ஈராக்குக்குக் கார்டு எழுதினீர்களே, கார்கிலுக்கு எழுதினீர்களா?” என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். எழுதவில்லை. 1999 ஜூன் மாதம் நான் உசிலம்பட்டிப் பக்கத்தில் பணியில் இருந்தேன். அந்தப் பகுதியில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போயிருக்கும் தெருக்கள் உண்டு. பட்டாளத்துக் கடிதம் வந்தால் பையைக் கொட்டியதும் முதலில் அதைத்தான் பிரித்து வைப்போம். என் ஒன்றுவிட்ட அக்காளின் மகனும் அப்போது காஷ்மீரில் இருந்தான். மூன்று வாரமாக அவனிடமிருந்து கடிதம் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேண்டுதல் ஏறெடுக்கும் முறை எனக்கு வந்தது. நான் எழுந்து நின்று நம் படைக்கு வெற்றி தரும்படியும் சத்துருக்களைச் சிதறடிக்கும்படியும் நீளமாக ஜெபித்தேன். சங்கீதங்களில் அதற்கு வசனத்துக்குப் பஞ்சமில்லை. ஆமென் என்ற சத்தம் வழக்கத்தைவிடப் பலமாக எழுந்ததை நான் கவனித்தேன், அதில் எனக்குப் பெருமையாகவும் இருந்தது. வெளியே செருப்பு மாட்டும் இடத்தில் அக்காள் என் கையைப் பிடித்தாள். “எதுக்குடா அம்புட்டு நேரம் ஜெபம் பண்ணுன? புள்ள திரும்பி வரணும்னு மட்டும் கேளு. ஜெயிக்கிறத அவுக பாத்துக்குவாக” என்றாள்.

அந்தப் போரில் ஊடுருவல் நம் எல்லைக்குள் நடந்தது. அக்வினாஸ் தராசில் அது நமக்குச் சாதகமாகவே நிற்கும். அதைப் பற்றி இப்போதும் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் எல்லாம் என் ஜெபத்தைப் பற்றித்தான். எதிரே இருந்தவர்களுக்கும் அக்காமார் இருந்திருப்பார்கள் என்ற நினைப்பு அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு முறைகூட என் வாயில் வரவில்லை. ஈராக்கில் எனக்கு உறவினர் யாரும் இல்லை; கார்டு எழுதுவது எளிதாக இருந்தது. என் 186 கார்டுகளுக்குக் கொடுக்கும் மதிப்பை இதை வைத்துக் குறைத்துக்கொள்ளுங்கள்.

(பையன் திரும்பி வந்துவிட்டான். இப்போது ஒரு வங்கி வாசலில் காவலராக இருக்கிறான்.)

15 ஆகஸ்ட்

இன்று கொடியேற்றிவிட்டு வந்து நேற்று முன்தினம் எழுதியதைத் திரும்பப் படித்தேன். ‘எதிரே இருந்தவர்களுக்கும்’ என்ற வாக்கியத்தை அழிக்கச் சொல்லி ஒருவர் காட்டமாக எழுதியிருக்கிறார். அழிக்கவில்லை.

17 ஆகஸ்ட்

“அரசாங்க விவகாரத்தில் சமயத்தார் தலையிடக் கூடாது” என்பவர்களுக்கு மதுரையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. ரால்ஃப் ரிச்சர்ட் கெய்தான் என்பவர் அமெரிக்க மதுரை மிஷனின் ஊழியர். சட்டப்படியான அரசுக்குக் கீழ்ப்படிவோம், அரசியலில் ஈடுபட மாட்டோம் என்று அமெரிக்க மிஷனரிகளிடம் பிரிட்டிஷ் அரசு உறுதிமொழி வாங்கிக்கொண்டுதான் உள்ளே விட்டது. 1930 மார்ச் 2ஆம் தேதியிட்ட காந்தியின் கடிதத்தை வைஸ்ராய் இர்வினிடம் கொண்டுபோய்க் கொடுத்தவர் ரெஜினால்ட் ரெய்னால்ட்ஸ் என்ற இளம் ஆங்கிலேயர், போரை மறுக்கும் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். (எங்கள் துறைக்கு அவரைக் கௌரவ உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளலாம்.) அந்த ரெய்னால்ட்ஸைக் கெய்தான் தம் வீட்டில் விருந்தினராக வைத்துக்கொண்டார், அதற்காகவே நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. பிற்பாடு திரும்பி வந்து காந்திகிராமத்தாரோடு சேர்ந்து உழைத்தார். சின்னாளப்பட்டி வழியாகப் பேருந்தில் போகும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும். விருந்தினருக்கு ஒரு வேளைச் சோறு போடுவதே அரசியல் ஆகிவிடும் காலம் ஒன்று இருந்திருக்கிறது.

18 ஆகஸ்ட்

திருவாதவூர் அகதிகள் முகாமைப் பற்றி ஒருவர் கேட்டதால் இது. 2009 பிப்ரவரியில் வன்னியில் போர் உச்சத்தில் இருந்தபோது ஜெபக்கூட்டம் நடத்த நாங்கள் அங்கே போனோம். பாட்டு, வேதவாசிப்பு எல்லாம் முடிந்ததும் வயதான அம்மா ஒருவர் என்னிடம் வந்து, “தம்பி, நீர் தபால் கந்தோரிலதானே வேலை?” என்று கேட்டு, மடித்த காகிதம் ஒன்றைக் கொடுத்தார். புதுக்குடியிருப்பிலிருந்த தம் தம்பிக்கு எழுதியது. அங்கே தபால் போகாது என்பது எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் உறையில் போட்டு, வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டி, முத்திரையை நானே குத்தி அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்ததா என்று அறிய வழியில்லை, திரும்பியும் வரவில்லை. மே மாதம் போர் முடிந்தது என்றார்கள். அதன்பின் நான் அந்த முகாமுக்குப் போகவில்லை.

20 ஆகஸ்ட், இரவு 8.15

சான்று கேட்டவருக்கு இப்போதுதான் வருகிறேன், தாமதத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2013 ஆகஸ்ட் 29 அன்று சிரியா மீது படை நடவடிக்கைக்கு ஒப்புதல் கேட்டுப் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த தீர்மானம் 285க்கு 272 என்ற வாக்குகளில் தோற்றது. 13 வாக்கு வித்தியாசம். அமெரிக்காவில் ஒபாமா காங்கிரஸின் ஒப்புதலைக் கேட்டார். உறுப்பினர்களின் அலுவலகங்களுக்கு வேண்டாம் என்று சொல்லும் தொலைபேசி அழைப்புகள் வந்து குவிந்தன. செப்டம்பர் 7ஆம் தேதியை போப் பிரான்சிஸ் நோன்பு நாளாக அறிவித்துப் பேதுரு சதுக்கத்தில் இரவு வரை ஜெபம் நடத்தினார். செப்டம்பர் 10ஆம் தேதி, வாக்கெடுப்பைத் தள்ளிவைக்கும்படி ஒபாமாவே கேட்டுக்கொண்டார். ஜெபத்தால் நின்றது என்று நான் சொல்லவில்லை; ஈராக்கின் கசப்பும், சிரியா தன் இரசாயன ஆயுதங்களை ஒப்படைக்கலாம் என்ற ரஷ்ய யோசனையும் சேர்ந்துதான் நிறுத்தின. ஆனால் அழைத்தவர்களிடம் எண் இருந்தது, ஒரு பெயர் இருந்தது, ஒரு தேதி இருந்தது.

இந்த வேலையைத் தொழில் சுத்தமாகச் செய்பவர்கள் குவேக்கர்கள். 1661இலேயே இரண்டாம் சார்லஸ் மன்னரிடம், எந்தக் காரணத்துக்காகவும் ஆயுதம் ஏந்த மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தவர்கள். 1943 முதல் வாஷிங்டனில் அவர்களுக்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. சிற்றூர்களில் இருக்கும் சாதாரண உறுப்பினர்கள் தங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்கு நேரில் போய் உட்கார்ந்து, ஒரே ஒரு மசோதாவைச் சொல்லி, ‘இதற்கு ஆதரவா, எதிர்ப்பா?’ என்று கேட்பார்கள். ஏமன் போருக்கு அமெரிக்கா துணைபோவதை நிறுத்தும் தீர்மானம் இப்படிப்பட்ட பலருடைய உழைப்பால் 2019இல் இரு அவைகளிலும் நிறைவேறியது. செனட்டில் 54க்கு 46. டிரம்ப் அதைத் தம் தடை அதிகாரத்தால் இரத்து செய்துவிட்டார்.

21 ஆகஸ்ட்

“2013இல் தாக்காததால் சிரியாவில் சமாதானம் வந்துவிட்டதா?” வரவில்லை. உள்நாட்டுப் போர் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. ஒரு போரைத் தொடங்காமல் தடுப்பது, ஏற்கெனவே நடக்கும் போரை நிறுத்துவதாகாது. நேற்று நான் எழுதியதில் வெற்றிப் பெருமிதம் தெரிந்திருந்தால் அதை எடுத்துவிட்டுப் படியுங்கள்.

26 ஆகஸ்ட்

சரி, இந்தியாவில் யாரிடம் போய் உட்காருவது? அமெரிக்க அரசியலமைப்பில் போரை அறிவிக்கும் அதிகாரம் காங்கிரஸிடம் இருக்கிறது. நம் அரசியலமைப்பின் 53ஆம் பிரிவு முப்படைகளின் தலைமையைக் குடியரசுத் தலைவரிடம் வைக்கிறது, அவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர். போர் தொடுக்க நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் வேண்டும் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. 1962இல் அக்டோபர் 20ஆம் தேதி போர் தொடங்கியது, மக்களவை அதை விவாதிக்கத் தொடங்கியது நவம்பர் 8ஆம் தேதி. ஆகவே நம் தொகுதி உறுப்பினரிடம் கேட்கக்கூடியது ஒன்றுதான்: முடிவெடுக்கும் முன் அவையைக் கூட்டச் சொல்லிக் கேளுங்கள் என்பது.

அதே 1962இல், செப்டம்பர் மாதம், 83 வயது ராஜாஜி, அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொல்லிக் கென்னடியை வெள்ளை மாளிகையில் நேரில் சந்தித்தார். அந்த வயதில் எனக்கு மாடிப்படி ஏறவே முடியுமா என்று தெரியவில்லை.

31 ஆகஸ்ட்

முதல் கேள்வி கேட்டவர், “அப்படியானால் அடுத்த ஆண்டும் மெழுகுவர்த்தி ஏந்துவீர்களா?” என்கிறார். ஏந்துவேன், கோப்பைக்குப் பதிலாகப் பாதி வெட்டிய தண்ணீர் பாட்டில் காற்றைத் தாங்கும் என்று பாய் சொல்லியிருக்கிறார். கூடவே கார்டுகளும் வாங்கி வைத்துக்கொள்வதாக இருவரும் பேசியிருக்கிறோம். வாசகத்தை அச்சடித்து, நாட்டின் பெயருக்கு மட்டும் இடம் விட்டு வைக்கலாம் என்று சபையில் ஓர் இளைஞர் யோசனை சொன்னார். கோடிட்ட இடத்தை நிரப்பும் போர் எதிர்ப்புக்கு நான் ஒப்பவில்லை. அவரவர் கையால், அன்று எது நடக்கப்போகிறதோ அதன் பெயரை எழுத வேண்டும். நம் பக்கத்துப் போராக இருந்தால் எழுத எத்தனை பேருக்குக் கை வரும், எனக்கு வருமா என்பதை அன்றுதான் பார்க்க வேண்டும்.

இன்று காலை தபால் நிலையத்துக்குப் போய் ஐம்பது கார்டு கேட்டேன். கவுன்டரில் இருந்த புதுப் பெண்ணுக்கு என்னைத் தெரியாது. “போட்டிக்கா சார்? போட்டிக்குன்னா பத்து ரூபாய் கார்டு வாங்கணும்” என்றார். போட்டிக்கு இல்லை அம்மா, பிரதமருக்கு என்றேன். “அப்படின்னா ஐம்பது காசு கார்டே போதும்” என்று சொல்லி எண்ணிக் கொடுத்தார்.